ஒத்து ஊதுகிறவரை ஏன் திட்டுகிறோம்?

தமிழில் ஒருத்தரைத் திட்ட வேண்டுமானால் கெட்ட வார்த்தை தேடி அலைய வேண்டியதில்லை. கச்சேரி மேடைக்கும் கோயில் வாசலுக்கும் போய், அங்கே பக்கத்தில் நின்று வேலை பார்க்கிற ஆட்களின் பெயரை வரிசையாகச் சொன்னாலே போதும். ஒத்து ஊதுகிறவன், ஜால்ரா, பக்கவாத்தியம், பின்பாட்டு, ஆமாம் சாமி, முட்டுக் கொடுக்கிறவன், எடுபிடி, கைத்தடி, அடிப்பொடி, கூஜா, இப்போது புதிதாகச் சொம்பு. தேர்தல் சமயத்தில் ஃபேஸ்புக் பக்கம் எட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் இத்தனையும் கண்ணில் பட்டுவிடும். எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம் என்னவென்றால், இவற்றில் முக்கால்வாசி உண்மையிலேயே யாரோ செய்கிற வேலைகள். அதுவும் லேசில் செய்துவிட முடியாத வேலைகள்.

ஒத்தையே எடுத்துக்கொள்வோம். பார்க்க நாதஸ்வரம் மாதிரியேதான் இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கிற துளைகள் கிடையாது. அடிப்பக்கம் இருக்கிற துளைகளில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சேர்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒரே ஒரு சுரம். நாதஸ்வரக்காரர் தோடியில் எங்கெங்கோ சுற்றிவிட்டு வரலாம், நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம், வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை மாற்றலாம், தவில்காரர் தனி வாசிக்கும்போது ஒதுங்கி நின்று ரசிக்கலாம். ஒத்துக்காரர் நிறுத்த முடியாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு, வாயால் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், சத்தம் ஒரு நொடிகூட அறுபடக் கூடாது, ஏற்ற இறக்கமும் தெரியக் கூடாது. சுவாமி நான்கு வீதியும் சுற்றி வருகிறவரைக்கும் இது நடக்க வேண்டும். நாதஸ்வரம் கற்றுக்கொள்கிற சிஷ்யப் பையனிடம் இதைக் கொடுத்து நிறுத்துகிற பழக்கமும் உண்டு, ஏனென்றால் மணிக்கணக்கில் சுருதியோடு நின்றால் காது தானாகத் தீட்டப்பட்டுவிடும். இன்றைக்குப் பெரும்பாலான இடங்களில் ஒத்துக்குப் பதிலாக மின்சாரச் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. ஒத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பங்கு மிச்சம், வண்டியில் ஒரு இடமும் மிச்சம், அந்தக் கணக்கு புரிகிறது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டுப் பகிர்ந்தோம். ஒத்துக்காரரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதாக என் கண்ணில் படவில்லை.

இந்த மனிதரின் வேலைப் பெயரைத்தான், சுய புத்தி இல்லாமல் தலைவர் சொல்வதையே திருப்பிச் சொல்கிற ஆளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறோம். கொஞ்சம் யோசித்தால் உவமை சரியாகக்கூட இல்லை. ஒத்து நாதஸ்வரத்தைப் பின்பற்றுவதே இல்லை. நாதஸ்வரம்தான் ஒத்தைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். சுருதியை விட்டு விலகினால் நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையானாலும் தப்பு தப்புதான், அந்தத் தப்பைக் காட்டிக்கொடுப்பது பக்கத்தில் அசையாமல் ஒலிக்கிற அந்த ஒற்றைச் சுரம். அரசியலில் அப்படி ஒரு ஒத்துக்காரர் இருந்தால் அவரை அடுத்த நாளே கட்சியை விட்டு நீக்கிவிடுவார்கள்.

ஜால்ரா கதையும் இதேதான். கதாகாலட்சேபத்திலும் பஜனையிலும் தாளம் பிசகாமல் பார்த்துக்கொள்வது அந்த இரண்டு வெண்கலத் தட்டுகள். பாகவதர் கதையின் உச்சத்தில் உணர்ச்சிவசப்பட்டு வேகமாக ஓடினால் இழுத்துப் பிடிப்பவர் ஜால்ராக்காரர்தான். ஆனால் "தாளம் போடுகிறான்" என்றாலும் திட்டுத்தான், "ஜால்ரா அடிக்கிறான்" என்றாலும் திட்டுத்தான். இந்த ஜால்ரா தமிழைத் தாண்டி இந்திய ஆங்கிலத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது, பழைய கிரிக்கெட் பத்திகளில்கூடப் பார்த்திருக்கிறேன்.

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு வில்லுப்பாட்டு தெரிந்திருக்கும். நெல்லை, குமரிப் பக்கம் கோயில் கொடையில், அதாவது ஊர்க் கோயில் திருவிழாவில், விடிய விடிய நடக்கும். நடுவில் வில்லை வைத்துக்கொண்டு கதை சொல்கிறவர் ஒருவர். சுற்றிலும் உடுக்கை, குடம், கட்டை, தாளம். பக்கத்தில் இருக்கிறவர் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போடுவார். இந்த "ஆமா" வெறும் தலையாட்டல் என்று நினைத்தால் ஒரு தடவை கவனித்துக் கேளுங்கள். கதை சொல்கிறவர் மூச்சு வாங்குகிற இடத்தை நிரப்புவது அது. கூட்டம் தூங்கி வழிகிற நேரத்தில் "ஆமா" என்பதை "ஆமாவா?" என்று இழுத்துக் கேள்வியாக்கிக் கதையை விளக்க வைப்பது அது. புரியாத இடத்தில் ஜனங்களின் சார்பில் குறுக்கே கேட்பதும் அவர்தான். "ஆமா" போடுகிறவர் சரியில்லை என்றால் கொடை சப்பென்று போய்விடும், கொடைச் செலவுக்கு வரி கொடுத்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்கள். ஆமாம் சாமி என்று நாம் திட்டுகிற ஆளுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த ஆள் எங்கேயும் குறுக்கே கேட்க மாட்டார்.

கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு வந்தால் அங்கே பக்கவாத்தியம் என்று ஒரு வகுப்பு, அதற்கும் கீழே உபபக்கவாத்தியம் என்று இன்னொரு வகுப்பு. வயலினும் மிருதங்கமும் பக்கம், கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் உபபக்கம். நோட்டீஸில் எழுத்தின் அளவும் அதே வரிசையில் இறங்கும். பாலக்காடு மணி ஐயர் மாதிரி ஒருவர், யாருக்கு வாசிப்பது என்பதைத் தானே முடிவு செய்கிற நிலையில் இருந்தவர், ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொல்லக்கூடியவர், அவருக்கு மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது 1966-இல். மிருதங்கக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் போனது அதுதான் முதல் தடவை. அவருக்கும் பின்னால் ஒருவர் இருந்தார், பர்லாந்து. மணி ஐயரின் மிருதங்கங்களுக்குத் தோல் கட்டியவர். மாடு, ஆடு, எருமை மூன்று தோலும் சேர்ந்து, வலந்தலையும் தொப்பியும், அதாவது மிருதங்கத்தின் வலது முகமும் இடது முகமும், இப்படித்தான் பேச வேண்டும் என்று வித்வான் கேட்கிற நாதத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்தவர். உபபக்கவாத்தியத்துக்காவது நோட்டீஸில் ஒரு மூலை உண்டு. தோல் கட்டுகிறவருக்கு அதுவும் இல்லை. அதற்குக் காரணம் கலையும் இல்லை சுருதியும் இல்லை, சாதி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கோயில் வாசலுக்குப் போவோம். இணையத்தில் இன்றைக்குப் புழங்குகிற சொற்களில் எனக்கு ரொம்ப சுவாரசியமானது "முட்டு". "எதுக்குடா இப்படி முட்டுக் கொடுக்கிறே" என்றால், உங்கள் கட்சி அல்லது நடிகர் செய்த அபத்தத்தை ஏன் விழுந்து விழுந்து நியாயப்படுத்துகிறாய் என்று அர்த்தம். பழைய தலைமுறையின் திட்டு வேறு, "முட்டுக்கட்டை போடுகிறான்", அதாவது நடக்கிற காரியத்தைக் கெடுக்கிறான். ஒரே முட்டு, ஒன்று சரியப் போவதைத் தாங்குகிறது என்று திட்டு வாங்குகிறது, இன்னொன்று ஓடுவதை நிறுத்துகிறது என்று திட்டு வாங்குகிறது.

தேரோட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் யாரென்று தெரியும். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரமெல்லாம் முடிந்து நிற்கும்போது 96 அடி உயரம், எடை 300 டன் என்பார்கள். வடம் பிடித்து இழுப்பது ஆயிரக்கணக்கான பேர், புண்ணியம் அவர்களுக்கு, புகைப்படமும் அவர்களுக்கு. ஆனால் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே வேகம் குறைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது சக்கரத்துக்கடியில் சொருகப்படுகிற மரக்கட்டைகள். அதைச் சொருகுகிறவர் உருண்டு வருகிற சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து நிற்கிறார். கட்டையை எந்தச் சாய்வில் வைத்தால் சக்கரம் எவ்வளவு விலகும் என்பது அவர் கைக்குத்தான் தெரியும், நொடி தப்பினால் கை இருக்காது, சில சமயம் ஆளே இருக்க மாட்டார். ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் கட்டை போடுகிறவர்கள் தேவைப்படத்தான் செய்கிறார்கள். சின்ன ஊர்த் தேர்களில் இன்றும் அவர்கள்தான் பிரேக், அவர்கள்தான் ஸ்டியரிங். தேர் யார் வீட்டுத் திண்ணையிலும் ஏறாமல் நிலைக்கு வந்து சேர்ந்தால் அதற்குக் காரணம் முட்டுக்கட்டை. நாமோ அந்தச் சொல்லைத் தூக்கிக் கோப்பில் கையெழுத்துப் போட மறுக்கிற அதிகாரிக்குக் கொடுத்துவிட்டோம்.

இத்தனைக்கும் எனக்குத் தோன்றுகிற விளக்கம் ஒன்றுதான். துணை வேலையில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்று வேலைக்குத் துணை, இன்னொன்று ஆளுக்குத் துணை. ஒத்து சுருதிக்குத் துணை, கட்டை தேருக்குத் துணை, சாந்து சுமக்கிறவர் சுவருக்குத் துணை. அதில் ஒரு அளவுகோல் இருக்கிறது, சுருதி விலகினால் காது சொல்லும், சுவர் சாய்ந்தால் தூக்குக்குண்டு சொல்லும். ஆளுக்குத் துணையாக இருக்கிறவருக்கு அளவுகோல் அந்த ஆளின் முகம் மட்டும்தான். முகம் மலர்ந்தால் நல்ல வேலை, சுளித்தால் போச்சு. நாம் கோபப்படுவது இந்த இரண்டாவது ரகத்தின் மேல், அதில் தப்பில்லை, ஆனால் திட்டுவதற்கு ஆயுதம் மட்டும் முதல் ரகத்தாரின் வீட்டுக் கொல்லையிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

கூஜாவும் சொம்பும் அசல் இரண்டாவது ரகம், அதில் எனக்குப் புகார் இல்லை. பெரிய மனிதர் போகிற இடமெல்லாம் அவர் குடிக்கிற தண்ணீரையோ பாலையோ தூக்கிக்கொண்டு பின்னால் போகிற ஆள். ஆனால் அதையும் லேசாக நினைத்துவிட முடியாது. ராஜா காலத்தில் வெற்றிலைப் பை தூக்குகிறவருக்கு அடைப்பைக்காரர் என்று பெயர். ராஜா வாயில் போடுகிற பொருள் அவர் கையில் இருக்கிறது, விஷம் வைக்க நினைத்தால் ஒரு நொடி போதும், அதனால் உயிரையே நம்பிக் கொடுக்கக்கூடிய ஆளைத்தான் அந்த இடத்தில் வைப்பார்கள். தஞ்சாவூரில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிய செவ்வப்ப நாயக்கர், விஜயநகரத்து அச்சுத தேவராயரிடம் அடைப்பம் தாங்கியவர் என்பார்கள். பை தூக்கியவருக்குக் காவிரி டெல்டா கிடைத்தது. இன்றைக்குப் பெட்டி தூக்குகிறவர்கள் நம்பிக்கையோடு தூக்குவதற்கும் இப்படிச் சில முன்னுதாரணங்கள் இருக்கத்தான் செய்கின்றன.

அடிப்பொடி விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம். பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒருவர், விப்ரநாராயணர், ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிக்கொண்டிருந்தவர், தனக்கு வைத்துக்கொண்ட பெயர் தொண்டரடிப்பொடி. பெருமாளின் அடிப்பொடிகூட இல்லை, பெருமாளுக்குத் தொண்டு செய்கிறவர்களின் காலடித் தூசி. காரைக்குடியில் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய சா. கணேசன் தன்னைக் கம்பன் அடிப்பொடி என்று சொல்லிக்கொண்டார், கடைசிவரை அந்தப் பெயரிலேயே அறியப்பட்டார். ஒருவர் தானாகத் தலையில் சூடிக்கொண்டது இது. பிறத்தியார் மேல் வீசியபோது சேறாகிவிட்டது. யோசித்துப் பாருங்கள், இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் இதே விதிதான் வேலை செய்கிறது, நானே சொன்னால் பணிவு, நீ சொன்னால் வசவு.

பழைய இலக்கியத்தில் நிலைமை இவ்வளவு மோசம் கிடையாது. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது போய்ச் சமாதானம் பேசுகிறவர்களைத் தொல்காப்பியம் வாயில்கள் என்று கூப்பிட்டு, பன்னிரண்டு பேரை வரிசையாகச் சொல்கிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர். தோழி தாய்க்கும் முன்னால் நிற்கிறாள் பாருங்கள். அகப்பாட்டில் தோழி இல்லையென்றால் கதை நகராது. தலைவனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது, இரவில் வராதே என்று விரட்டுவது, செவிலியிடம் விஷயத்தை மெல்ல அவிழ்ப்பது, கல்யாணத்துக்கு நெருக்குவது, பரத்தை வீட்டிலிருந்து திரும்பி வந்தவனை உள்ளே விட மறுப்பது எல்லாம் அவள் வேலை. தலைவி அழுதுகொண்டிருப்பாள், முடிவெடுப்பது தோழியாக இருக்கும். அவளை யாரும் ஜால்ரா என்று சொல்ல முடியாது, தலைவியையே கடிந்துகொள்கிறவள். (பாணனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, தலைவனுக்காகப் பொய் சொல்லிக்கொண்டு வந்து தோழியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அவன் சுத்தமான ஆளுக்குத் துணை.)

இதெல்லாம் ஏட்டில். கட்டட வேலை நடக்கிற இடத்தில் பேச்சு வேறு. கொத்தனார், சித்தாள். மதுரை, தேனிப் பக்கம் நடுவில் நிமிந்தாள் என்று ஒருவர் வருவார், வேறு ஊர்களில் பெரியாள் என்பார்கள். கலவை போடுவது, செங்கல் எடுத்துக் கொடுப்பது, சாரம் கட்டும்போது கூட நிற்பது, பாரம் அதிகமான வேலையெல்லாம் நிமிந்தாளுக்கு. சித்தாள் என்றால் கிட்டத்தட்ட எப்போதும் பெண். தலையில் சும்மாடு, அதன் மேல் சாந்துச் சட்டி, ஏணியிலோ பாதி கட்டிய கைப்பிடி இல்லாத படிக்கட்டிலோ ஏறி இறங்குகிற வேலை. கூலி கொத்தனாருக்குக் கொடுப்பதில் பாதியை ஒட்டித்தான் நிற்கும், நிமிந்தாளுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.

இங்கே என்னைக் கோபப்படுத்துவது பெயர் இல்லை, அந்தப் பெயரிலிருந்து வெளியே போக வழி இருக்கிறதா என்பதுதான். நிமிந்தாளாக வேலைக்குச் சேர்கிற பையன் நாலைந்து வருடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொத்தனாரின் கரணையை எடுத்து ஒரு வரி வைத்துப் பார்ப்பான், கொத்தனார் திட்டுவார், அப்புறம் சொல்லிக் கொடுப்பார், ஒரு நாள் அவனும் கொத்தனார். சித்தாளுக்கு யாரும் கரணையைக் கொடுப்பதில்லை. இருபது வயதில் சித்தாளாக வந்தவர் ஐம்பது வயதிலும் சித்தாள். முப்பது வருடம் கொத்தனார் பக்கத்தில் நின்றவருக்கு ரசமட்டம் பார்க்கத் தெரியாதா? கலவையில் சிமென்ட் குறைவாக இருப்பதைக் கையால் தொட்டே சொல்லிவிடக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள், பூச்சு வேலையில் எங்கே குழி விழுந்திருக்கிறது என்று கொத்தனாருக்கு முன்னால் அவர்கள் கண்ணில் படும். ஆனால் சொன்னால் எடுபடாது. தமிழ்நாட்டில் பெண் கொத்தனார்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறார்கள், தொண்டு நிறுவனங்கள் பயிற்சி கொடுத்த இடங்களில் குறிப்பாக. மற்றபடி அந்த ஏணி ஆண்களுக்கு மட்டும்தான் போட்டிருக்கிறது.

லாரியில் அந்த ஏணி எல்லோருக்கும் உண்டு, எல்லோருக்கும் என்றால் எல்லா ஆண்களுக்கும். நாமக்கல், சங்ககிரி பக்கத்து டிரைவர்களில் வயதானவர்களைக் கேட்டால் கிளீனராகத் தொடங்காதவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பெயர்தான் கிளீனர், வண்டி துடைப்பது அதில் கடைசி வேலை. சரக்கை ஏற்றியதும் தார்ப்பாய் போட்டு மழைத்தண்ணீர் தேங்காதபடி கயிறு இழுத்துக் கட்டுவது, கம்பியால் டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்று இருக்கிறதா என்று சொல்வது, மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடிச் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைப்பது (இங்கேயும் முட்டுக்கட்டை), டிரைவருக்குத் தெரியாத இடது பக்கத்துக்குக் கண்ணாக இருந்து "வரட்டும் வரட்டும்" சொல்வது, சாலையோரம் ஸ்டவ் பற்ற வைத்துக் குழம்பு கொதிக்க விடுவது, ராத்திரி மூன்று மணிக்கு டிரைவர் கண் அசராமல் இருக்க ஏதாவது பேசிக்கொண்டே இருப்பது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை என்று டிரைவர்களே சொல்வார்கள். கேரளத்தில் பஸ்ஸின் வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவருக்குக் கிளி என்று பெயர், கிளீனர் சுருங்கி அப்படி ஆயிற்றோ என்னவோ, அந்தப் பெயரில் ஒரு செல்லம் இருக்கிறது. நம் பக்கம் கிளீனர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வாடகை கட்டுப்படியாகவில்லை, பையன்களும் வருவதில்லை, டிரைவர் ஒற்றை ஆளாக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். அடுத்த தலைமுறை டிரைவர் எங்கே தொழில் கற்றுக்கொள்வார் என்று லாரி முதலாளிகள் கவலைப்படுகிறார்கள், அந்தக் கவலை நியாயமானதுதான், கிளீனருக்கு ஒழுங்கான பேட்டா கொடுத்திருந்தால் இன்னும் நியாயமாக இருந்திருக்கும்.

அரசாங்கம் இந்தப் பெயர்ப் பிரச்சினைக்கு ஒரே ஒரு மருந்துதான் வைத்திருக்கிறது, எல்லோரையும் உதவியாளர் ஆக்கிவிடுவது. பியூன் அலுவலக உதவியாளர் ஆனார். ஊரில் கர்ணம், கிராம முன்சீப் என்கிற பரம்பரைப் பதவிகளை எம்ஜிஆர் ஆட்சி 1980-இல் ஒழித்து விஏஓ வந்தார், கூடவே இருந்த தலையாரியும் வெட்டியும் பிற்பாடு கிராம உதவியாளர் ஆனார்கள். 1982-இல் வந்த சத்துணவுத் திட்டத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மூன்று பதவி, பிள்ளைகளுக்கு மூன்று பேரும் ஆயாதான். இந்த மாற்றங்களைக் கிண்டல் செய்வது சுலபம், நான் செய்ய மாட்டேன். "ஏய் பியூன்" என்று கூப்பிட முடிகிறது, "ஏய் அலுவலக உதவியாளர்" என்று கூப்பிட வாய் வராது, அந்த நீளமே ஒரு பாதுகாப்பு. வெட்டி என்கிற சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்த சாதி அடையாளம் ரிஜிஸ்தரிலிருந்தாவது போனது நல்லதுதான். என் குறை வேறு. தலையாரி என்றால் ஊர் எல்லை எது, எந்த வாய்க்கால் யார் வயலுக்குப் பாய்கிறது, எந்தப் புளியமரம் புறம்போக்கு என்பதெல்லாம் தெரிந்த ஆள் என்று அந்தப் பெயரே சொல்லிவிடும். கிராம உதவியாளர் என்றால் யாருக்கு என்ன உதவி என்று விளங்கவில்லை, அதனால் அதிகாரி வீட்டுக்குக் காய்கறி வாங்கி வருவதும் உதவியில் சேர்ந்துவிடுகிறது. வேலைக்குத் துணையாக இருந்தவரை ஆளுக்குத் துணையாக மாற்றுவதற்கு இப்படி ஒரு மழுமழுப்பான பெயர் வசதியாகப் போய்விட்டது.

கலெக்டர் ஆபீஸிலும் நீதிமன்றத்திலும் டவாலி என்று ஒருவர் இருப்பார், குறுக்கே போட்ட பட்டையில் பித்தளை வில்லையோடு. டவாலி என்பது அந்தப் பட்டையின் பெயர், ஆளின் பெயரே அதுவாகிவிட்டது. நீதிபதி வருவதற்கு முன்னால் "உஷ்" என்று ஓசையெழுப்பி வழி விலக்குவதற்கு 21-ஆம் நூற்றாண்டில் ஒரு அரசு ஊழியர் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்தப் பதவியைக் காப்பாற்றி வைத்திருப்பதற்குப் பதில் கீழ்க் கோர்ட்டுகளில் இன்னும் நாலு டைப்பிஸ்ட்டைப் போடலாம்.

வீட்டுக்குள் வந்தால்தான் நம் வண்டவாளம் முழுசாகத் தெரியும். வேலைக்காரி என்று சொல்லக் கூச்சம் வந்துவிட்டது, நல்லது. 2007-இல் தமிழ்நாட்டில் நலவாரியம் வந்தபோது சட்டப்படியான பெயர் வீட்டுப் பணியாளர் ஆயிற்று, அதை வாயால் யாரும் சொல்வதில்லை. சென்னை அபார்ட்மென்ட்டுகளில் மெய்ட் என்கிறார்கள், அவர் இல்லாதபோது. எதிரில் இருக்கும்போது அக்கா, அவர் நம்மைவிடப் பத்து வயது சின்னவராக இருந்தாலும் அக்கா. அந்த அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் உண்டா, அவர் குடிக்கிற டீக்குத் தனி டம்ளரா என்று கேட்டால் உறவுமுறை கொஞ்சம் தடுமாறும். கூடப்பிறந்தவளை யாரும் லிஃப்ட்டில் ஏறாதே என்று சொல்வதில்லை, பல குடியிருப்புகளில் அக்காக்களுக்கு அப்படி ஒரு போர்டே மாட்டியிருக்கிறது.

உங்கள் போனை எடுத்துப் பெயர்களைக் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள். என் போனில் பாத்திரம் அக்கா, தண்ணி கேன் தம்பி, அயர்ன் அண்ணாச்சி, கேஸ் அண்ணன், பிளம்பர் பழையவர், பிளம்பர் புதுசு எல்லாம் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது, கேட்டுத் திருத்திக்கொண்டு வருகிறேன். தண்ணி கேன் தம்பியிடம் பெயரைக் கேட்டபோது அவர் சொல்லிவிட்டு, தன் போனில் எங்கள் நம்பரைக் காட்டினார். "மூணாவது மாடி நாய் வீடு" என்று இருந்தது. எங்களிடம் நாய் கிடையாது, எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் வளர்த்தார்களாம். மாற்றச் சொன்னேன். "அது எல்லா பசங்களுக்கும் பழகிடுச்சு சார்" என்றார்.